ஹைகோர்ட் உத்தரவு கையில் இருக்கிறது, வாய்க்கால் அடைபட்டே கிடக்கிறது. கோர்ட்டுக்கு உண்மையில் என்ன அதிகாரம்?

கண்மாய்க்கரை:

வணக்கம். தெற்கே ஒரு கிராமம் எங்களுடையது. நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன், அப்பா ஊரில் விவசாயம். வயது 71. எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற வரத்து வாய்க்கால் பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு என்றுதான் இருக்கிறது. ஆனால் ஒருவர் குறுக்கே காம்பவுண்டு சுவர் எழுப்பிவிட்டார், ஒருவர் மாட்டுக்கொட்டகை போட்டிருக்கிறார், இன்னொருவர் தென்னங்கன்று வைத்துவிட்டார். இரண்டு வருடமாகக் கண்மாய் கால்வாசி கூட நிறையவில்லை.

திங்கள்கிழமை மனுநீதி நாள்களில் எத்தனை மனு கொடுத்தோம் என்று எனக்கே நினைவில்லை. கடைசியில் ஹைகோர்ட்டுக்குப் போனோம். இரண்டு நீதிபதிகள் அமர்வு. முதல் விசாரணையிலேயே உத்தரவு வந்துவிட்டது. அன்று ஊரில் வெடி போட்டார்கள், அப்பா கோயிலில் பொங்கல் வைத்தார்.

அது நடந்து 14 மாதம் ஆகிறது. சுவர் அப்படியே நிற்கிறது. தாலுகா ஆபீஸுக்குப் போனால் "பார்க்கிறோம்" என்கிறார்கள். ஹைகோர்ட் சொல்லியே ஒரு சுவரை இடிக்க முடியவில்லை என்றால் கோர்ட்டுக்கு என்னதான் அதிகாரம்? கோபத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே புரியவில்லை.

திருச்சிரோடு:

உங்கள் கதைதான் எங்கள் தெருவிலும். என் சித்தப்பா சிவில் கோர்ட்டில் 11 வருடம் நடந்து பாகப்பிரிவினைத் தீர்ப்பு வாங்கினார். அப்புறம் அதை நிறைவேற்றித் தரச் சொல்லி இன்னொரு மனு, அதற்கு ஐந்து வருடம். கோர்ட்டிடம் இருப்பது காகிதம்தான். போலீஸும் பணமும் ஆளும் அரசாங்கத்திடம் இருக்கிறது. அவர்கள் மனசு வைத்தால் நடக்கும், இல்லாவிட்டால் இல்லை.

நாலாம்வருடம்:

நான் சட்டக்கல்லூரி மாணவி. திருச்சிரோடு அண்ணா சொல்வதை 1872-லேயே லண்டன் பிரிவி கவுன்சில், அதாவது அன்று நமக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்தது, சொல்லியிருக்கிறது: இந்தியாவில் வழக்காடுகிறவனின் சிரமம் அவன் கையில் டிக்ரி, அதாவது சிவில் தீர்ப்பாணை, கிடைத்த பிறகுதான் ஆரம்பிக்கிறது என்று. 2021-இல் உச்ச நீதிமன்றமும் நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்கச் சொன்னது. ஆக, இது தெரியாத குறை இல்லை.

ஆனால் கண்மாய்க்கரை அண்ணாவுடையது வேறு வகை. சிவில் கோர்ட்டு டிக்ரியை அமீனா, அதாவது கோர்ட் ஊழியர், வந்து நிறைவேற்றுவார். நீங்கள் ஹைகோர்ட்டில் போட்டது ரிட் மனு, அதில் அமீனா கிடையாது. அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவில் ஹைகோர்ட் ஓர் அதிகாரிக்கு ஆணையிடுகிறது. அவர் செய்யாவிட்டால் கண்டெம்ப்ட், அதாவது அவமதிப்பு வழக்கு. 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். உடனே போடுங்கள் அண்ணா.

கிழக்குமாசி:

கண்மாய்க்கரை தம்பி, அவசரப்பட்டு எதுவும் செய்வதற்கு முன் ஒரே ஒரு காரியம். உத்தரவின் கடைசிப் பத்தியை அப்படியே தமிழில் தட்டச்சு செய்து போடுங்கள். 20 வருடமாக ரிட் பார்க்கிறேன். கட்சிக்காரர்கள் முதல் பக்கத்தைப் படித்துவிட்டுச் சந்தோஷப்படுவார்கள். சங்கதி கடைசிப் பத்தியில்தான் இருக்கும்.

கண்மாய்க்கரை:

வக்கீல் சார், இதோ. ஆங்கிலத்தில் இருந்ததை என் தங்கை மொழிபெயர்த்தாள்:

"வழக்கின் தகுதி குறித்து எந்தக் கருத்தும் கூறாமல், மனுதாரர் அளித்த கோரிக்கை மனுவை வட்டாட்சியர் பரிசீலித்து, பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் உரிய வாய்ப்பளித்து, இந்த உத்தரவின் நகல் கிடைத்த நாளிலிருந்து 12 வாரங்களுக்குள் சட்டப்படி உரிய உத்தரவு பிறப்பிக்க வேண்டும்."

கிழக்குமாசி:

நினைத்தேன். தம்பி, மனசு கஷ்டப்படாமல் கேளுங்கள். இந்த உத்தரவில் சுவரை இடிக்கச் சொல்லி எங்கும் இல்லை. ஆக்கிரமிப்பு இருக்கிறது என்றுகூட நீதிபதிகள் சொல்லவில்லை. "தகுதி குறித்து எந்தக் கருத்தும் கூறாமல்" என்ற அந்த ஐந்து சொற்கள்தான் முழு உத்தரவும். வட்டாட்சியருக்குக் கோர்ட் சொன்னது ஒன்றுதான்: மனுவைப் பெட்டியில் போட்டு வைக்காதே, எடுத்துப் பார், ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் முடிவு சொல்.

ஓர் அதிகாரியை அவர் கடமையைச் செய்யச் சொல்லும் ரிட் ஆணைக்கு மாண்டமஸ் என்று பெயர். எங்களுக்குள் இதைப் 'பரிசீலிக்கும் மாண்டமஸ்' என்போம். நாள்தோறும் இப்படி உத்தரவுகள் போகின்றன. ஏன் என்றால், வக்கீலே மனுவில் அதைத்தான் கேட்டிருப்பார். "என் மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடுங்கள்" என்று கேட்டால் அரசு வக்கீலும் எதிர்க்க மாட்டார், எதிர்மனு வேண்டாம், முதல் நாளே முடிந்துவிடும். "ஆக்கிரமிப்பை அகற்ற உத்தரவிடுங்கள்" என்று கேட்டால் சுவர்க்காரரையும் கட்சியாகச் சேர்க்க வேண்டும், அவர் பட்டா காட்டுவார், சர்வே கேட்பார், வழக்கு இழுக்கும். வேகம் வேண்டும் என்று முதல் வழியில் போகிறோம். அந்த வேகத்துக்கு என்ன விலை என்று கட்சிக்காரரிடம் உட்காரவைத்து விளக்குவது குறைவு. நானும் அந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன்.

2006-இல் ஆந்திர அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 'பரிசீலிக்க' என்ற இந்த ஒரு சொல்லை எடுத்தே பேசியது. சட்டம் இன்னது என்று தீர்த்துவிட்டு அதன்படி பரிசீலிக்கச் சொல்வது வேறு, எதையும் தீர்க்காமல் சும்மா பரிசீலிக்கச் சொல்வது வேறு. உங்களுடையது இரண்டாவது.

கண்மாய்க்கரை:

அப்படியென்றால் நாங்கள் ஜெயிக்கவே இல்லையா சார்? அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை. 14 மாதமாக அந்த உத்தரவைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார்.

கிழக்குமாசி:

தோற்கவில்லை. உங்கள் மனுவுக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் சுதந்திரத்தை அந்த அதிகாரியிடமிருந்து கோர்ட் பறித்துவிட்டது. அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அவர் சொல்லப்போகும் பதில் என்ன என்பதைக் கோர்ட் தீர்மானிக்கவில்லை.

திருச்சிரோடு:

இதைத்தான் நான் சொல்கிறேன். கவர்னர் வைத்திருந்த 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதாகவே 2025 ஏப்ரல் 8-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதே. கவர்னரையே தாண்டிப் போகிற கோர்ட்டுக்கு ஒரு தாசில்தாரிடம் "அந்தச் சுவரை இடி" என்று சொல்லத் தெரியாதா? சாமானியன் வழக்கு என்றால் பரிசீலனை, அரசாங்கத்தின் வழக்கு என்றால் நேரடித் தீர்வா?

நாலாம்வருடம்:

அண்ணா, அது 142-ஆம் பிரிவு. 'முழுமையான நீதி' வழங்கத் தேவையான ஆணை எதையும் பிறப்பிக்கும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும்தான் உண்டு. ஹைகோர்ட்டுக்கு அந்தப் பிரிவு கிடையாது. ராஜீவ் கொலை வழக்கில் சிறையில் இருந்த பேரறிவாளனை 2022 மே 18-இல் விடுதலை செய்ததும் இதே பிரிவில்தான். அவரை விடுவிக்க 2018 செப்டம்பரில் தமிழக அமைச்சரவை பரிந்துரை செய்தது, கவர்னர் இரண்டரை வருடம் முடிவெடுக்காமல் வைத்திருந்து ஜனாதிபதிக்கு அனுப்பினார். மறுபடியும் கவர்னரிடமே பரிசீலிக்க அனுப்பாமல் உச்ச நீதிமன்றம் தானே விடுவித்தது.

கிழக்குமாசி:

தங்கச்சி சொன்னது சரி, ஆனால் மசோதா கதை ஏப்ரலோடு முடியவில்லை. அந்தத் தீர்ப்பு இரண்டு நீதிபதிகள் கொடுத்தது. அப்புறம் ஜனாதிபதி 143-ஆம் பிரிவில் உச்ச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டார். 2025 நவம்பர் 20-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு கருத்துச் சொன்னது. கவர்னருக்குக் கோர்ட் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கோர்ட்டே வைத்துக்கொள்ளவும் முடியாது என்றார்கள்.

அதே கருத்தில் இன்னொன்றும் சொன்னார்கள். கவர்னர் காரணமே சொல்லாமல் வெகுகாலம் சும்மா இருந்தால், நியாயமான காலத்துக்குள் உன் கடமையைச் செய் என்று கோர்ட் வரம்புக்கு உட்பட்ட ஓர் ஆணை பிறப்பிக்கலாம். ஆனால் அவர் எடுக்க வேண்டிய முடிவின் தகுதியைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது.

திருச்சிரோடு அண்ணே, இதைக் கண்மாய்க்கரை தம்பியின் கடைசிப் பத்திக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கிராமத்து வாய்க்கால் வழக்கில் வட்டாட்சியருக்குப் போனதும், மாநில கவர்னருக்குப் போகலாம் என்று அரசியல் சாசன அமர்வு சொன்னதும் ஒரே மாதிரி ஆணைதான்.

திருச்சிரோடு:

படித்தேன். ஏற்றுக்கொள்கிறேன், என் கணக்கில் ஒரு பாதி தப்பு. ஆனால் ஒன்று. சாமானியனுக்கு இது ஆறுதல் இல்லையே? முடிவெடுக்கிறவர் கையிலேயே மறுபடியும் முடிவைக் கொடுப்பது, ஆட்டைக் கடித்த நாயிடமே ஆட்டை ஒப்படைப்பது போலத்தானே?

பழையகோப்பு:

நான் வருவாய்த்துறையில் 33 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். டெல்டாவில் பாதி, தென்மாவட்டத்தில் பாதி. எல்லோரும் கோர்ட் பக்கமிருந்து பேசுகிறீர்கள். அந்த மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவன் சொல்வதையும் கேளுங்கள். சப்பைக்கட்டு கட்ட வரவில்லை. உத்தரவு வந்த 12 வாரத்தில் பதில் எழுதாதது தப்புதான்.

கண்மாய்க்கரை தம்பி, உங்களுடையது ஊராட்சி ஒன்றியத்தின் கண்மாயா, பொதுப்பணித் துறைக் கண்மாயா? 2007-இல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தனிச் சட்டம் வந்தது. அது பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள ஏரிகளுக்கு. ஒன்றியக் கண்மாய் என்றால் பழைய 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம்தான். அதில் முதலில் ஏழாம் பிரிவு நோட்டீஸ், "உன்னை ஏன் வெளியேற்றக் கூடாது" என்று விளக்கம் கேட்டு. விளக்கம் வந்தபின் ஆறாம் பிரிவு உத்தரவு. அதன்மேல் அவர் மேல்முறையீடு செய்யலாம். இந்தப் படிகளில் ஒன்றைத் தாண்டி ஜேசிபி கொண்டுபோனால், அதே ஹைகோர்ட்டில் சுவர்க்காரர் மறுநாளே தடை வாங்கிவிடுவார். வாங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் முன்னால் சர்வே. எஃப்எம்பி, அதாவது நில அளவை வரைபடத்தோடு சர்வேயர் வந்து அளந்து கல் நடாவிட்டால் நோட்டீஸில் எத்தனை அடி என்று எழுதவே முடியாது. நான் இருந்த ஒரு தாலுகாவில் இருந்த சர்வேயர் ஒரே ஆள். பட்டா உட்பிரிவுக்கு மாதக்கணக்கில் வரிசை நிற்கும். நீதிபதி இதையெல்லாம் கோர்ட் ஹாலில் உட்கார்ந்து செய்ய முடியாது. கவர்னருக்கும் வட்டாட்சியருக்கும் ஒரே மாதிரி ஆணை போவதற்குக் காரணம் இருவர் மேலும் உள்ள பயம் இல்லை. அந்த வேலையை யார் செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்லியிருக்கிறதோ அவர்தான் செய்ய வேண்டும். கோர்ட் செய்யவைக்கலாம், தானே செய்யக் கூடாது.

கண்மாய்க்கரை:

ஐயா, ஒன்றியக் கண்மாய்தான். ஆக்கிரமிப்பாளருக்குக் கொடுக்கும் பி மெமோ ஒன்று மட்டும் பல வருடம் முன்னால் கொடுத்ததாக விஏஓ சொன்னார்.

பழையகோப்பு:

அது நல்ல செய்தி தம்பி. பி மெமோ கொடுத்திருந்தால், அது புறம்போக்கு, இவர் ஆக்கிரமிப்பாளர் என்று அரசாங்கமே ஒரு தடவை எழுதிவிட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அதன் நகலை இன்றே கேளுங்கள். கூடவே எஃப்எம்பி, அ-பதிவேடு, அடங்கல் நகல்களும்.

வல்லைவெளி:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் உரையாடலை வாசித்தபோது ஒன்று உறைத்தது. உங்களிடம் ஒரு கமக்காரர், அதாவது விவசாயி, பக்கத்து மாவட்டத்துக்குப் போய் நீங்கள் ஹைகோர்ட் என்கிற மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை, அதாவது ரிட், கேட்க முடிகிறது. எங்கள் அடிப்படை உரிமை மீறல் வழக்கு நேரே கொழும்பு உயர் நீதிமன்றத்தில்தான் (உங்கள் உச்ச நீதிமன்றம் போன்றது) தாக்கல் செய்ய வேண்டும், அதுவும் மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள். மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் அந்த மாதத்துக்குள் முறையிட்டிருந்தால் விசாரணைக் காலம் கணக்கில் வராது. அதை அறியாமல் காலம் கடத்தியவர்கள் நிறைய. நிர்வாகத்துக்கு எதிரான எழுத்தாணை பெரும்பாலும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில், அதுவும் கொழும்பில். மாகாண விடயங்களுக்கு மட்டும் மாகாண மேல் நீதிமன்றம்.

இன்னுமொன்று. உங்கள் நீதிமன்றம் நிறைவேறிய சட்டத்தையே செல்லாது என்று சொல்லலாம். இங்கே சட்டமூலமாக, அதாவது மசோதாவாக, இருக்கிற சில நாட்களுக்குள் சவாலுக்கு உட்படுத்தாவிட்டால், சட்டமான பிறகு எந்த நீதிமன்றமும் தொட முடியாது.

ஆனாலும் நீதிமன்றம் சொல்லி நாடு கேட்ட நாளும் உண்டு. 2018 நவம்பரில் ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தார். டிசம்பர் 13-இல் ஏழு நீதியரசர்கள் ஒருமித்து அது அரசியலமைப்புக்கு முரண் என்றார்கள். நீதிமன்றத்திடம் ஒரு துப்பாக்கிகூட இல்லை. அந்தத் தீர்ப்பு எடுபட்டது. ஜனாதிபதி நீக்கியிருந்த பழைய பிரதமர் சில நாட்களில் மீண்டும் பதவியேற்றார்.

நாலாம்வருடம்:

வல்லைவெளி அண்ணா சொன்னதும் எனக்கு நம் பக்கத்து உதாரணங்கள் இரண்டு ஞாபகம் வருகின்றன. கோர்ட் சொன்னது பிடிக்காவிட்டால் அரசாங்கம் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பது இரண்டிலும் தெரியும்.

முதலாவது செண்பகம் துரைராஜன் வழக்கு. கல்லூரி இடங்களைச் சாதி, மதவாரியாகப் பிரித்த சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை முதலில் சென்னை ஹைகோர்ட்டும், 1951 ஏப்ரல் 9-இல் உச்ச நீதிமன்றமும் செல்லாது என்றன. நாடாளுமன்றம் அதே வருடம் ஜூன் 18-இல் அரசியலமைப்பில் முதல் திருத்தம் கொண்டுவந்து, பின்தங்கியவர்களுக்குத் தனி ஏற்பாடு செய்ய இடம் தரும் 15(4) பிரிவைச் சேர்த்தது. தீர்ப்பை மீறவில்லை, தீர்ப்புக்கு அடிப்படையாக இருந்த சட்டத்தையே மாற்றினார்கள். இன்று நமக்கு இருக்கும் இடஒதுக்கீட்டுக்கு அது ஒரு தூண்.

இரண்டாவது காவிரி.

பழையகோப்பு:

காவிரியை நான் சொல்கிறேன் அம்மா, அதில் என் பாதி ஆயுசு போயிருக்கிறது. 1991 ஜூன் 25-இல் நடுவர் மன்றம் இடைக்கால உத்தரவு போட்டது, மேட்டூருக்கு வருடம் 205 டிஎம்சி. கர்நாடகம் அதைச் செயலிழக்கச் செய்ய ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அப்போதும் ஜனாதிபதி 143-இல் கருத்துக் கேட்டார். அந்த அவசரச் சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் நவம்பரில் சொல்லிவிட்டது. தன் வழக்கில் தானே நீதிபதியாகிவிட ஒரு மாநிலத்துக்கு உரிமை இல்லை. சட்டத்தை மாற்றலாம், ஆனால் உன்னைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பை ஒரு தாளில் எழுதி ரத்து செய்ய முடியாது. செண்பகம் வழக்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

ஆனால் தண்ணீர்? அது அவ்வளவு எளிதாக வரவில்லை. 2007-இல் இறுதித் தீர்ப்பு. 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் கர்நாடகம் எல்லையில் பிலிகுண்டுலுவில் தர வேண்டியதை 192-லிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைத்து, ஆறு வாரத்தில் செயல்திட்டம் வகுக்க மத்திய அரசுக்குச் சொன்னது. ஆறு வாரம் போனது, ஒன்றும் வரவில்லை. தமிழக அரசே அவமதிப்பு மனு போட்டது. கடைசியில் ஜூன் 1-இல்தான் ஆணையம் அரசிதழில் வந்தது.

ஒரு மாநில அரசாங்கமே தன் தண்ணீருக்காகக் கண்டெம்ப்ட் போட்டுக் காத்திருந்தது தம்பி. உங்கள் அப்பா தனியாக இல்லை.

கண்மாய்க்கரை:

ஐயா, இதை அப்பாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் "அப்ப நாமளும் போடுவோம்" என்றார்.

சரி, கண்டெம்ப்ட் போடலாமா? எவ்வளவு நாள் இருக்கிறது?

கிழக்குமாசி:

இங்கேதான் ஒரு முடிச்சு. "நகல் கிடைத்த நாளிலிருந்து 12 வாரம்". யாருக்குக் கிடைத்த நாள்? வட்டாட்சியருக்கு. கோர்ட்டிலிருந்து அனுப்பியிருப்பார்கள் என்று நம்பி நிறைய பேர் சும்மா இருந்துவிடுவார்கள். நாம் சான்றிட்ட நகலைப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்ப வேண்டும், அல்லது நேரில் கொடுத்து நம் பிரதியில் சீல் வாங்க வேண்டும். அந்தச் சீல் இல்லாவிட்டால் எங்களுக்கு எதுவும் வரவில்லை என்று சொல்லிவிடலாம்.

கண்டெம்ப்ட் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் ஒரு வருடக் கெடுவும் உண்டு. மீறல் நடந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனுத்தாக்கல் செய்ய வேண்டும். அந்தச் சீலைத் தேடுங்கள்.

நாலாம்வருடம்:

சார், கெடு தாண்டிவிட்டால் நகலை இன்னொரு தடவை அனுப்பி, அந்தத் தேதியிலிருந்து புதிதாகக் கணக்குப் போட முடியாதா?

கிழக்குமாசி:

கேட்டுப் பார்ப்பவர்கள் உண்டு அம்மா, நான் அதை நம்பி ஒரு கட்சிக்காரரைக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். ஒரு தடவை ஓட ஆரம்பித்த கடிகாரத்தை நாமே ஒரு தபால் அனுப்பித் திருப்பி வைக்க முடியும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

கண்மாய்க்கரை:

கிடைத்துவிட்டது சார்! அப்பா அதை உத்தரவோடு வைக்கவில்லை, ரேஷன் கார்டு இருக்கும் மஞ்சப்பையில் வைத்திருந்தார். தாலுகா ஆபீஸ் தபால் பிரிவு சீல், தேதி, கையெழுத்து எல்லாம் இருக்கிறது. உத்தரவு வந்து ஒரு மாதம் கழித்துக் கொடுத்திருக்கிறார். அப்படியென்றால் 13 மாதம் முன்னால்.

கிழக்குமாசி:

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். 13 மாதத்தில் 12 வாரத்தைக் கழித்தால், கெடு முடிந்து பத்து மாதம். உங்களிடம் இருப்பது இன்னும் இரண்டு மாதம்தான். முதலில் வக்கீல் நோட்டீஸ், 15 நாள் அவகாசம். அதற்கும் பதில் இல்லாவிட்டால் மனு.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். கண்டெம்ப்ட் கோர்ட் முதல் உத்தரவைத் தாண்டி ஓர் அங்குலமும் போகாது. அங்கே போய் "சுவரை இடிக்கச் சொல்லுங்கள்" என்று கேட்டால், அந்த உத்தரவில் இல்லாததை எப்படிக் கேட்கிறாய் என்பார்கள். நீங்கள் கேட்கக்கூடியது, 12 வாரத்தில் முடிவெடுக்கக் கோர்ட் சொன்னதே, ஏன் எடுக்கவில்லை என்பது மட்டும்தான்.

பழையகோப்பு:

வக்கீல் ஐயா, ஒரு கேள்வி. உத்தரவு வந்தபோது இருந்த வட்டாட்சியர் இந்நேரம் மாற்றலாகிப் போயிருப்பார். இப்போது இருப்பவர் வந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. கண்டெம்ப்ட் மனுவில் அதிகாரியின் பெயர் போட்டுத்தானே வரும்? என் சக ஊழியர் ஒருவர் தான் பார்த்தேயிராத கோப்புக்காக நேரில் ஆஜராகி, வாசலில் காலை பத்து மணியிலிருந்து நின்றார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. முன்னால் இருந்தவர் பதவி உயர்வில் போய்விட்டார். இதில் நியாயம் எங்கே இருக்கிறது?

கிழக்குமாசி:

நியாயமான கேள்வி ஐயா. சட்டம் கேட்பது வேண்டுமென்றே மீறினாரா என்பதை. தெரியாமல் இருந்தவர், புதிதாக வந்தவர், அந்தக் காரணத்தைச் சொல்லி அவகாசம் கேட்டால் கோர்ட் கொடுக்கும். அதனால்தான் நோட்டீஸ் இப்போது இருப்பவருக்கும் போக வேண்டும் என்கிறேன். அவருக்கு இப்படி ஓர் உத்தரவு இருப்பது தெரிய வேண்டும், செய்ய ஒரு வாய்ப்புக் கிடைக்க வேண்டும்.

அதிகாரிகளைச் சட்டென்று நேரில் வரவழைப்பதை உச்ச நீதிமன்றமே 2024 ஜனவரி 3-இல் கட்டுப்படுத்தி வழிமுறை வகுத்துவிட்டது. பிரமாணப் பத்திரம் போதும் என்றால் அதோடு விட வேண்டும், வரவேண்டியிருந்தால் முதலில் காணொளியில், உடையைப் பற்றியோ படிப்பைப் பற்றியோ அவமானப்படுத்திப் பேசக் கூடாது என்றெல்லாம். எங்களுக்கு வேண்டியது யாரையும் ஜெயிலுக்கு அனுப்புவது இல்லை ஐயா. நான் பார்த்த கண்டெம்ப்ட் மனுக்களில் பெரும்பாலானவை, "உத்தரவு நிறைவேற்றப்பட்டது" என்று அரசுத் தரப்பு அறிக்கை தாக்கல் செய்ததும் முடித்துவைக்கப்பட்டவை. அந்த அறிக்கை வருவதற்குத்தான் இத்தனை பாடும்.

திருச்சிரோடு:

அந்த அறிக்கையில் "மனு பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது" என்று இருந்தால்?

கிழக்குமாசி:

கண்டெம்ப்ட் முடிந்துவிடும். அது உத்தரவை நிறைவேற்றியதாகத்தான் ஆகும். ஆனால் அப்போது கையில் எழுத்தில் ஒரு முடிவு இருக்கும், அதில் காரணம் இருக்கும். காரணம் பொய் என்றால், பி மெமோவையும் எஃப்எம்பியையும் வைத்து உடைக்கலாம். சென்னை ஹைகோர்ட்டில் இதற்கென்றே நாங்கள் பழக்கத்தில் வைத்திருக்கும் ஒரு பெயர் உண்டு, 'சர்ஷியோரரிஃபைடு மாண்டமஸ்'. அந்த நிராகரிப்பை ரத்து செய், கூடவே செய்ய வேண்டியதைச் செய்யச் சொல் என்று ஒரே மனுவில் இரண்டையும் கேட்பது. இந்தத் தடவை சுவர்க்காரரையும் கட்சியாகச் சேர்க்க வேண்டும், கேட்பதை முழுசாகக் கேட்க வேண்டும்.

கண்மாய்க்கரை:

எல்லோருக்கும் வணக்கம். ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன்.

வக்கீல் நோட்டீஸ் போன 11-ஆவது நாள் புது வட்டாட்சியரே போன் செய்தார். கோப்பு தன் மேஜைக்கு வரவேயில்லை என்றார். பழையகோப்பு ஐயா சொன்னதுபோலவே, அவர் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. போன வாரம் சர்வேயர் வந்து அளந்தார். அப்பா எஃப்எம்பி நகலைக் கையில் வைத்துக்கொண்டு கூடவே நடந்தார். நான்கு கல் நட்டார்கள். சுவர் வாய்க்காலுக்குள் ஒன்பது அடி வந்திருக்கிறது. மாட்டுக்கொட்டகை பாதி. தென்னங்கன்றுகள் வாய்க்காலில் இல்லை, அவருடைய பட்டா நிலத்தில்தான் இருக்கின்றன. இரண்டு வருடமாக அவரைத் திட்டிக்கொண்டிருந்தோம். அப்பா அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

மற்ற இருவருக்கும் ஏழாம் பிரிவு நோட்டீஸ் போயிருக்கிறது. கொட்டகைக்காரர் தானே பிரித்துக்கொள்வதாகச் சொல்கிறார். சுவர்க்காரர் முன்சீப் கோர்ட்டில் தடை வாங்கப்போவதாக டீக்கடையில் பேச்சு. கண்டெம்ப்ட் கெடுவுக்கு இன்னும் இரண்டு வாரம் சொச்சம் இருக்கிறது.

கிழக்குமாசி:

தம்பி, சந்தோஷம். இரண்டு வேலை உடனே. ஒன்று, ஆறாம் பிரிவு உத்தரவு வரும் என்று நம்பிக் கண்டெம்ப்ட் கெடுவைத் தாண்டவிடாதீர்கள். நோட்டீஸ் விட்டது இன்னும் முடிவு ஆகவில்லை, மனுவைத் தாக்கல் செய்து வையுங்கள். இரண்டு, முன்சீப் கோர்ட்டில் அப்பா பெயரில் கேவியட், அதாவது முன்னெச்சரிக்கை மனு. 90 நாள் செல்லும். சுவர்க்காரர் தடை கேட்டு வந்தால் உங்கள் பக்கம் கேட்காமல் கொடுக்க முடியாது.

கண்மாய்க்கரை:

சரி சார். நாளைக் காலை ஆறு மணி பஸ்ஸில் அப்பா வருகிறார், நான் இன்று இரவே திருப்பூரிலிருந்து கிளம்புகிறேன். மஞ்சப்பையை அப்படியே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.